சொல்லாமல் போன ஒரம்பரை

எங்கள் ஊஞ்சவலசில் இன்றுவரை ஒருத்தரும் இன்னொருத்தரிடம் 'போகிறேன்' என்று சொன்னதில்லை. 'போய்ட்டு வர்றனுங்க' என்றுதான் சொல்வோம், அதற்கு எதிரில் நிற்பவர் 'போய்ட்டு வாங்க' என்று பதில் கொடுக்கும்வரை செருப்புக்குள் கால் நுழையாது. தமிழ் பேசுகிற ஊர் எல்லாவற்றிலும் இப்படித்தானே, இதில் உங்களுக்கு மட்டும் என்ன பெருமை என்று கேட்பீர்கள். மற்ற ஊர்க்காரர்கள் மனிதர்களுக்கு மட்டும் சொல்கிறார்கள். நாங்கள் பால் வண்டிக்குச் சொல்வோம், ஈரோட்டுப் பஸ்சுக்குச் சொல்வோம், மழை ஓய்கிறபோது வாசலில் நின்று மழைக்குச் சொல்வோம், கரண்ட் போனால் இருந்த இடத்திலிருந்தே இருட்டைப் பார்த்து ஒரே குரலில் 'போய்ட்டு வா சாமி' என்போம், அதுவும் மரியாதை தெரிந்த கரண்ட் என்பதால் வந்துவிடும். சந்தையில் விற்ற கிடேரிக் கன்றுக்கும் இதையே சொல்லிப் பழகி, அது வாங்கினவரின் கயிற்றை அறுத்துக்கொண்டு திரும்பி வந்து, அதனால் பக்கத்து ஊர்க்காரர்களோடு எங்களுக்குக் கொஞ்சம் மனத்தாங்கலும் உண்டு.

அப்பேர்ப்பட்ட ஊரில் வரவேற்பதையே தொழிலாக வைத்திருந்தவர் பொங்கியண்ணன். என் எதிர்வீட்டுக்காரர். பெண்டாட்டி பெயரில் 'வேலாத்தாள் சவுண்டு சர்வீஸ்' நடத்தினார். கல்யாணமோ காதுகுத்தோ, தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கரை ஏற்றிக் கட்டிவிட்டு, மைக்கை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, வாசலில் நுழைகிறவரை அவர் ஊர், அவர் மாமனார் ஊர், அவர் வந்த வண்டி எல்லாம் சேர்த்து 'வருக வருக என இருகரம் கூப்பி வரவேற்கிறோம்' என்று அவர் சொல்லிவிட்டால், சண்டை போடுவதற்கென்றே வந்த சம்பந்திகூட சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு பந்தியில் போய் உட்கார்ந்துவிடுவார்.

ஒரு ஆவணி முகூர்த்தத்தில் அவர் அப்படி மைக்கைப் பிடித்து நின்றபோது ஸ்பீக்கரில் 'டொக், டொக்' என்று கேட்டது. கதவைத் தட்டுகிற சத்தம். அதுவும் உள்ளே யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்களோ என்று யோசித்துத் தட்டுகிறவரின் சத்தம். ஊர் முழுக்கக் கேட்டதால் கல்யாணத்துக்குப் போகாமல் வீட்டில் இருந்தவர்கள் எழுந்து போய் அவரவர் கதவைத் திறந்து பார்த்தார்கள். பொங்கியண்ணன் ஒயரை ஆட்டிப் பார்த்தார், ஆம்ப்ளிஃபயரைத் தட்டிப் பார்த்தார், கடைசியில் மைக்கை நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்தால் சத்தம் குறைகிறது, நெற்றிக்குப் பக்கத்தில் வைத்தால் கூடுகிறது என்று கண்டுபிடித்தார். தன் தலைக்குள்ளிருந்துதான் யாரோ தட்டுகிறார்கள் என்று தெரிந்த மனிதர் என்ன செய்வார்? வேறு ஊராக இருந்தால் பயந்திருப்பார். இவர், பழக்கம், மைக்கில் 'யாருங்க அது, உள்ள வாங்க' என்றார். பந்தியில் சோறு தின்றுகொண்டிருந்த நாங்கள் அத்தனை பேரும் இலையிலிருந்து தலையைத் தூக்கி 'வாங்க, வாங்க' என்றோம்.

அது வந்தது.

முதலில் தலைவலி, பிறகு ஒரு பக்கம் பார்வை மங்கல், பிறகு ஏணியில் ஏறும்போது விழுந்தது, பிறகு கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் ரோஸ்லின் என்று நாகர்கோவில் பக்கத்து அம்மாள், ஸ்கேன் படத்தை விளக்கு வெளிச்சத்தில் மாட்டி, மூளையைச் சுற்றியிருக்கிற சவ்வில் கட்டி முளைத்திருக்கிறது என்றார், தலையைத் திறந்து அதை எடுத்தும் கொடுத்தார். எடுத்ததைச் சொந்தக்காரர்களிடம் காட்டுவது அங்கே வழக்கம். ஸ்டீல் கிண்ணத்தில் கொட்டைப்பாக்கு அளவில், சாம்பல் பூத்தாற்போல் இருந்ததை வேலாத்தாள் எட்டிப் பார்த்தாள். தன் வீட்டுக்காரர் தலைக்குள் இருந்தது, அவர் நினைத்ததையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டது, அதை வா, போ என்று ஒருமையில் பேச அவளுக்கு வாய் வரவில்லை. கையைக் கூப்பி, 'போய்ட்டு வாங்க' என்றாள்.

கிண்ணத்துக்குள் 'டொக், டொக்' என்று கேட்டது. டாக்டர் தன் மோதிரம் பட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

சொல்லி அனுப்பினால் வரத்தானே வேண்டும். அடுத்த மாரியம்மன் நோம்பிக்கு முன்னால், பொங்கியண்ணன் கொள்ளுப்பருப்பு ஊற்றிச் சோறு பிசைந்துகொண்டிருந்த மத்தியானத்தில், அதே இடத்தில் அதே கூச்சத்தோடு தட்டியது. வேலாத்தாள் அகப்பையைக் கீழே வைக்காமலே, 'வாங்க, உக்காருங்க, சாப்பிடலாம்' என்று இன்னொரு இலையை எடுத்துப் போட்டுவிட்டாள். போட்ட பிறகுதான் யாருக்குப் போட்டோம் என்று பார்த்து அழுதாள்.

விருந்தாளியை எங்கள் பக்கத்தில் ஒரம்பரை என்போம். கட்டி திரும்பி வந்த சங்கதி ஊருக்குள் ஒரம்பரை வந்த சங்கதியாகத்தான் பரவியது; வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவர்களை நிறையப் பார்த்திருந்த எங்களுக்கு, சொன்ன சொல்லைக் காப்பாற்றிய அதன் மேல் கொஞ்சம் மதிப்புகூட உண்டாயிற்று. பார்க்கப் போகிறவர்கள் வாழைப்பழத்தோடு போனார்கள். இரண்டு டம்ளர் காப்பி வைத்தால் இரண்டையும் பொங்கியண்ணனே குடித்தார், ஆனால் இரண்டாவது டம்ளருக்குத்தான் உள்ளேயிருந்து தட்டல் வரும். நாங்கள் சிரித்தால் அதுவும் சிரிப்புக்குத் தகுந்தபடி தட்டும். கோயிலில் பூசை நடக்கும்போது சத்தம் காட்டாது. கல்யாணத்துக்கு அழைக்க வருகிறவர்கள் வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டி 'நீங்களும் வரோணும், அவியளும் வரோணும்' என்று அவருடைய நெற்றியைப் பார்த்து இன்னொரு தரம் கும்பிட்டார்கள்.

இதில் ஒரு வழக்கும் நடந்தது. மஞ்சள் குடோனில் கூடி, அந்தக் கட்டி பொங்கியண்ணனுக்குப் பங்காளி முறையா, மாமன் மச்சான் முறையா என்று ஒரு நாள் முழுக்கப் பேசினோம். அவர் உடம்பிலேயே பிறந்ததால் பங்காளி என்றது ஒரு கட்சி. வந்து வந்து போவதால் மச்சான்தான், பங்காளி என்றால் வந்தவன் பாகம் கேட்காமல் போகமாட்டான் என்றது இன்னொரு கட்சி. கடைசியில் பங்காளி என்று தீர்ப்பானது. ஏன் அப்படித் தீர்ப்புச் சொன்னோம் என்று என்னைக் கேட்டால், சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது, அவ்வளவுதான்.

டாக்டர் இரண்டாவது தரமும் எடுத்தார். இந்தத் தரம் வேலாத்தாள் வாயே திறப்பதில்லை என்று முந்தானையைச் சுருட்டிப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டுதான் நின்றாள். கிண்ணம் வந்தது, பார்த்தாள், தலையை மட்டும் ஆட்டினாள். நர்ஸ் கிண்ணத்தோடு வராந்தா திரும்புகிற இடத்துக்குப் போனதும் இவள் மனசு கேட்காமல், ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் அனுப்புகிறோமே என்று முந்தானையை எடுத்துவிட்டு, 'பாத்துப் போய்ட்டு வாங்க' என்று சொல்லியேவிட்டாள்.

மூன்றாவது தரம் வந்தபோது அது தலையில் மட்டும் தட்டவில்லை. ஒரு காலை தலையில், மறுநாள் வலது விலாவில், அப்புறம் இடுப்பில். ஊருக்கு வந்த ஒரம்பரை ஒரு வீட்டில் மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போனால் மற்ற வீட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள் அல்லவா, அந்த நியாயம் அதற்கும் தெரிந்திருந்தது. டாக்டர் படத்தைப் பார்த்து, 'நுரையீரல்ல இருக்கு, இடுப்பெலும்புலயும் இருக்கு. தலையில திரும்பி வந்ததுதான் அங்கயும் போயிருக்கு' என்றார்.

'ஏனுங் டாக்டரம்மா, எடுக்க எடுக்க எதுக்குங்க வருது?' என்றாள் வேலாத்தாள்.

'சில கட்டி அப்படித்தான். எடுத்தாலும் வரும், வந்தா நாலு இடத்துக்குப் போகும்' என்ற டாக்டர், கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளையே பார்த்தார். 'அன்னைக்கு வராந்தாவுல என்னத்த சொல்லி அனுப்பினிய?'

வேலாத்தாள் சொன்னாள்.

'போன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?'

'நாய்க்குக்கூட எங்கூர்ல அப்படிச் சொல்ல மாட்டமுங்க.'

டாக்டர் சிரிக்கவில்லை. 'எங்க ஊர்ல கெளம்பும்போதே வாறேன்னுதான் சொல்லுவோம். நான் யாருக்குப் புத்தி சொல்ல' என்றார். பிறகு, 'மருந்து ஏத்துறேன். எடுக்க முடிஞ்சத எடுக்கேன். அது என் வேலை. வழியனுப்பறது உங்க வேலை, அத நான் செய்ய முடியாது' என்றார்.

அந்த ஆண்டு பொங்கியண்ணன் இளைத்துக்கொண்டே வந்தார். மைக்கைப் பிடிக்கும்போது கை நழுவியது. சொல்ல வந்த வார்த்தை ஒன்றாகவும் வாயில் வருவது வேறாகவும் இருந்தது. உப்பு என்பதற்கு ஏணி என்றார், என்னைப் பார்த்து 'ஈரோட்டு வண்டி வந்துட்டுதுங்களா' என்றார். அதையெல்லாம் சிரித்து ஒப்பேற்றினோம். தை மாதக் கல்யாணம் ஒன்றில், பெண்ணும் மாப்பிள்ளையும் மேளத்தோடு வாசலுக்கு வருகிறபோது, அவர் நிமிர்ந்து நின்று, அதே பழைய கனத்த குரலில், ஸ்பீக்கர் நிறைய, 'போக போக என இருகரம் கூப்பி…' என்றார்.

மேளம் நின்றுவிட்டது. அந்த வார்த்தையை எங்கள் ஊரில் நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. அவருக்கும் தான் சொன்னது கேட்டது. மைக்கை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் ஒயரைச் சுருட்டத் தொடங்கினார். வேலாத்தாள் பந்தியிலிருந்து எச்சில் கையோடு ஓடி வந்து ஒயரின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் ஊர் கூடியது. மஞ்சள் குடோனில், அவரை நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, கட்டியைப் பார்த்து யாராவது ஒருவர் 'போ' என்று சொல்லிவிடுவது என்று ஏற்பாடு. வயசானவர்கள் எழுந்து, இருமி, தண்ணீர் குடித்து, உட்கார்ந்தார்கள். பள்ளிக்கூட வாத்தியார் 'போ' என்பதை இலக்கணமாகச் சொல்லலாம், ஏவலாகச் சொல்ல முடியாது என்றார். கடைசியில் ரிட்டயர்டு கண்டக்டர் மாரப்பன் எழுந்தார். ஆயுசு முழுக்கப் பஸ்சைப் பார்த்துப் 'போலாம் ரைட்' சொன்னவர், கழுத்தில் இன்னமும் விசில் தொங்கவிட்டிருப்பவர். பொங்கியண்ணன் தலைக்கு முன்னால் நின்று, மார்பை விரித்து, 'போலா…' என்று இழுத்து, அப்படியே குரல் இறங்கி, 'போலாமுங்களா?' என்றார்.

குடோனே சிரித்தது. உள்ளே கட்டியும் தலை, விலா, இடுப்பு என்று மூன்று இடத்திலும் தட்டிச் சிரித்தது.

'அவரு வாயிலதான் அந்த வார்த்தை வருதே, அவரையே சொல்லச் சொன்னா என்ன?' என்றான் ஒருவன்.

வேலாத்தாள் எழுந்து நின்றாள். அவள் கூட்டத்தில் பேசி நாங்கள் கேட்டதில்லை. 'அந்த ஒடம்புக்குள்ள ரெண்டு பேரு இருக்காங்க. போன்னு சொன்னா எது போறதுன்னு யாருக்குத் தெரியும்? கல்யாணத்துல அவரு சொன்னது வேற யாருக்கோன்னு நெனைக்கிறீங்களா? அவரு போறதுக்குப் பழகிக்கிட்டு இருக்காரு' என்றாள். 'எனக்கு அவரு வேணுமுங்க. ஒரம்பரை போவோணும், அவரு இருக்கோணும். அதுக்கு வழி இருந்தாச் சொல்லுங்க, இல்லீன்னா ஊட்டுக்குப் போயி அடுப்பப் பத்த வைக்கிறேன்.'

வழி இல்லாததால் கலைந்துவிட்டோம்.

அதற்கடுத்த வாரம் அரிசி ஆலை ராக்கியண்ணன் காலமானார். நல்ல வயசு, நல்ல சாவு. ஊரே போய் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தது. நான் என் வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது வேலாத்தாள் தன் வீட்டுக்குள் போகாமல் தெருவிலேயே நின்றாள்.

'ஏனுங் பெரிப்பா, ராக்கியண்ணன் ஊட்டுல கெளம்பறப்போ போய்ட்டு வர்றேன்னு சொல்லிட்டா வந்தீங்க?'

'எழவு வீட்டுல எவன் சொல்லுவான் அம்மிணி? அந்த மாதிரி காரியத்துக்கு மறுக்கா வர்றேன்னு சொல்ல முடியுமா? துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் வாயத் தொறக்காமப் பொட்டாட்டம் எந்திரிச்சு வந்துட்டேன்.'

'மரியாதை தெரிஞ்ச ஒரம்பரைன்னா?'

'மரியாதை தெரிஞ்சவன்தான் சொல்ல மாட்டான்.'

அவள் தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். 'அப்போ எங்கூட்டுல ஒரு எழவு போடோணும்' என்றாள்.

'யாரு செத்தது?'

'அவருதான்' என்றாள், உலைக்கு அரிசி களைகிறவளின் குரலில்.

பொங்கியண்ணனிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் ரொம்ப நேரம் வார்த்தையைத் தேடினார். எங்களுக்குப் பயமாக இருந்தது. கடைசியில் தேடிப் பிடித்து, 'என்ற எழவுக்கு எவன் மைக்செட்டுக் கட்டுவான்?' என்றார். அவருக்கு இருந்த ஒரே ஆட்சேபணை அதுதான். பக்கத்து ஊர் செட்டுக்காரனுக்குச் சொல்லிவிட்டோம். மாலைக்கும் பந்தலுக்கும் சொல்லிவிட்டோம். எல்லாவற்றுக்கும் முன்னால் மஞ்சள் குடோனில் கூடிப் பழைய தீர்ப்பை மாற்றினோம். பங்காளி என்றால் காரியம் முடிகிறவரை துக்க வீட்டிலேயே அல்லவா இருந்தாகவேண்டும், அதனால் கட்டி மச்சான்தான், அன்றைக்கே கிளம்பலாம் என்று ஒரே நிமிஷத்தில் ஏகமனதாக முடிவானது. வேலாத்தாள் டாக்டருக்கு போன் போட்டு இன்ன நாளில் எழவு, அவசியம் வரவேண்டும் என்றாள்.

'எழவுக்கு நாள் குறிச்சு அழைக்கிறது ஒங்க ஊர்லதான்' என்ற டாக்டர், 'மருந்த மட்டும் நிறுத்தக் கூடாது, கேட்டியளா? சாவுற அன்னைக்கும் காலையில மாத்திரையப் போட்டுட்டுத்தான் சாவணும்' என்றாராம்.

மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் செத்தார். தெற்கே தலை வைத்து, பெஞ்சில் படுத்து, கால் கட்டை விரல்களைச் சேர்த்துக் கட்டி, தாடைக்குத் துணி கட்டி, நெற்றியில் காசு ஒட்டி, மாலை போட்டாயிற்று. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோளைக் கட்டிக்கொண்டார்கள். பக்கத்து ஊர்க்காரன் மைக்கைத் திறந்ததும் 'கூய்…' என்று காதைக் கிழிக்கிற ஊளை கிளம்பியது. பிணத்தின் கால் விரல்கள் கட்டுக்குள்ளேயே துடித்தன. நான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். குனிந்து, 'மாப்ளே, செத்தவரு காலாட்டப்படாது' என்றேன்.

'ஸ்பீக்கருக்கு நேரா மைக்க வெச்சிருக்கான், மடையன்' என்று தாடைத் துணிக்குள்ளிருந்து முனகினார்.

வேலாத்தாள் ஒப்பாரியை ஆரம்பித்தாள். 'வந்தாரை வாங்கன்னு வாசலிலே நின்னவரே, வாசல் நெறைஞ்சிருக்கே, வாங்கன்னு சொல்லலையே' என்று முதல் அடியை நடிப்பாகத்தான் எடுத்தாள். இரண்டாவது அடியில் குரல் உடைந்தது. அதற்கு மேல் அது நடிப்பாக இல்லை. படுத்திருக்கிறவரைப் பார்க்கப் பார்க்க, நாளைக்கோ மறுநாளோ இதே பெஞ்சும் இதே மாலையும் உண்மையாக வந்தால் எப்படி இருக்கும் என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்துவிட்டது. வட்டத்திலிருந்த பெண்கள் அழுதார்கள், பந்தல்காரன் அழுதான், பக்கத்து ஊர் செட்டுக்காரன் அழுதுகொண்டே மைக்கைத் தள்ளி வைத்தான், ஊளை நின்றது. பிணத்தின் மூடிய கண்ணோரத்திலிருந்து ஒரு சொட்டு இறங்கிக் காதுக்குள் போயிற்று, நான் துண்டு முனையால் துடைத்துவிட்டேன்.

அப்போது தலைக்குள்ளிருந்து ஒரே ஒரு தட்டல். 'டொக்?' என்று கேள்வி கேட்பதைப் போல. ஒப்பாரி நின்றது. விலாவிலிருந்து ஒரு தட்டல் அதற்குப் பதில் சொன்னது, இடுப்பிலிருந்து இன்னொன்று. துக்க வீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்த பிறகு ஒரே வண்டியில் வந்தவர்கள் ஒருவரை ஒருவர் கண்ணால் பார்த்துக்கொள்வார்கள், கிளம்பலாமா என்று, அது மாதிரி.

இதுதான் நேரம் என்று வாய்க்கரிசித் தட்டை எடுத்தோம். உலக வழக்கப்படி அதைச் செத்தவர் வாயில் போடவேண்டும். நாங்கள் எங்கள் வாயில் போட்டுக்கொண்டோம். வேலாத்தாளின் யோசனை அது. ஊஞ்சவலசுக்காரர்களின் நாக்கை நம்ப முடியாது, வாய் நிறைய அரிசி இருந்தால் பழக்கதோஷத்தில்கூட 'போய்ட்டு வர்றேன்' என்பது வெளியே வராது. கன்னம் இரண்டும் புடைக்க ஒவ்வொருவராக எழுந்தோம், துண்டை உதறினோம், பெஞ்சைப் பார்த்தோம், ஒன்றும் சொல்லாமல் நடந்தோம். டாக்டர் ரோஸ்லினும் வெள்ளைச் சேலையில், ஒரு கன்னம் வீங்கினாற்போல் அரிசியை அடக்கிக்கொண்டு எங்களோடு வரிசையில் போனார். மாரப்பன் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனார். எல்லோரும் எதிர்ச்சாரியில் என் வீட்டு மதிலோரம் நின்று திரும்பிப் பார்த்தோம்.

வாசலில் வேலாத்தாள் மட்டும் நின்றாள், கேட்டுக்குப் பக்கத்தில். அவள் வாயிலும் அரிசி.

இடுப்பில் ஒரு சின்னச் சத்தம், விலாவில் ஒன்று, தலையில் ஒன்று, யாரோ பாயைச் சுருட்டி மூலையில் சாய்த்து வைக்கிறாற்போல. பிறகு ஒன்றும் இல்லை. அப்புறம் தகரக் கேட்டு தானாகத் திறந்தது. காற்று என்று சொல்லிவிடலாம், நான் பொய் சொல்கிறவன் என்று ஊரில் பெயர் இருப்பதால் நீங்கள் அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஆனால் காற்று கேட்டைத் திறந்தால் திறந்த மேனிக்கு விட்டுவிட்டுப் போகும். இது கேட்டைத் திரும்பச் சாத்தி, கொண்டியைச் சத்தம் வராமல் மாட்டியது.

மாட்டுகிற அந்த நேரத்தில் வேலாத்தாளைப் பார்த்தோம். பிறந்ததிலிருந்து வாசலைத் தாண்டிய எதற்கும் அவள் சொல்லாமல் விட்டதில்லை. இலை போட்டிருக்கிறாள், காப்பி வைத்திருக்கிறாள், இரண்டு தரம் சொல்லி வழியனுப்பியிருக்கிறாள்.  உதடு பிரிந்தது. மதிலோரம் நின்ற நாங்கள் அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டோம். அவள் கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடித்தாள். அரிசி நறநறவென்று அரைபடுகிற சத்தம் தெருவைத் தாண்டிக் கேட்டது. சொல்ல வந்த வார்த்தையை அரிசியோடு சேர்த்து அரைத்து அப்படியே விழுங்கினாள். கடைவாய்ப் பல் ஒன்று அதில் உடைந்துபோயிற்று. நம்பாதவர்கள் ஊஞ்சவலசுக்கு வந்தால் பார்க்கலாம், கேட்டால் வாயைத் திறந்து காட்டுவாள்.

முதல் தரம் போகும்போது கிண்ணத்துக்குள்ளிருந்து இரண்டு தட்டுத் தட்டிச் சொல்லிக்கொண்ட ஒரம்பரை இந்தத் தரம் தட்டவில்லை. அந்தத் தட்டாத சத்தத்தை நாங்கள் வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றோம்.

பிறகு வேலாத்தாள் போய்த் தாடைத் துணியை அவிழ்த்தாள். பொங்கியண்ணன் எழுந்து உட்கார்ந்து, நெற்றிக் காசை உரித்துப் பார்த்து, 'அம்மிணி, காப்பி' என்றார். அப்புறம் தெருவைப் பார்த்து, ஒரு வார்த்தைகூட இடம் மாறாமல், கணீரென்று சொன்னார்: 'அந்தச் செட்டுக்காரனுக்கு மட்டும் யாரும் போய்ட்டு வாங்கன்னு சொல்லிப்புடாதீங்க.'

ஊர் முழுக்க அரிசியைத் துப்பிவிட்டுச் சிரித்தது.

அடுத்து எடுத்த படத்தை டாக்டர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாராம். 'ஆணி அடிச்ச இடத்துல ஓட்டை இருக்கும்லா, அது மாதிரி தழும்பு இருக்கு. குடியிருந்த ஆள் இல்ல' என்றாராம். தான் கொடுத்த மருந்தா, ஊர் தின்ற அரிசியா என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை வந்து படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். கிளம்பும்போது புருசனும் பெண்டாட்டியும் வழக்கம்போல வாயைத் திறக்க, டாக்டர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பிடி அரிசியை எடுத்து நீட்டினார்.

இப்போதெல்லாம் எங்கள் ஊரில் வாசல் நிலைக்குப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் ஒரு சின்ன டப்பாவில் அரிசி இருக்கிறது. காய்ச்சல் இறங்கினால், இருமல் நின்றால், மஞ்சள் காமாலை வெளுத்தால், வீட்டில் உள்ளவர்கள் ஆளுக்கு நாலு அரிசியை வாயில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருப்பார்கள். மழைக்கும் பஸ்சுக்கும் கரண்டுக்கும் பழையபடி சொல்கிறோம். சொல்வதற்கு முன்னால் யாருக்குச் சொல்கிறோம் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொல்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

மறுபடி தொழிலுக்குக் கிளம்பிய முதல் நாள், டெம்போவில் குழாய் ஸ்பீக்கரையும் பேட்டரியையும் ஏற்றிவிட்டு, பொங்கியண்ணன் கேட்டுக்கு வெளியே வந்து, 'போய்ட்டு வர்றேன் அம்மிணி' என்றார். வேலாத்தாள் பதில் சொல்லவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

'ஏன், வாயில அரிசியா?' என்றார் அவர்.

'இல்லீங். இன்னொருக்காச் சொல்லுங்க.'

'போய்ட்டு வர்றேன்.'

'எனக்குக் கேக்குலீங்க.'

 அவர் டெம்போவில் ஏறி, ஒயரைச் சொருகி, மைக்கை விரலால் சுண்டிப் பார்த்து, ஸ்பீக்கர் அலற, 'ஊஞ்சவலசு வேலாத்தாள் அவர்களே, போய்ட்டு வர்றேன்' என்றார்.

காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். ரேஷன் கடை வரிசை திரும்பிப் பார்த்தது. வேலாத்தாள் உடைந்த பல் தெரிய வாயைத் திறந்து சொல்வதற்குள், தெருத்தெருவாக, வீடு வீடாக, வரப்பு வரப்பாக ஊரே ஒரே குரலில் அவருக்குச் சொல்லிவிட்டது. அதனால் அவள் சொன்னது தனியாக யாருக்கும் கேட்கவில்லை. அவர் மட்டும் அவளுடைய உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது முடிந்த பிறகுதான் வண்டியை எடுக்கச் சொன்னார்.

பொழுதோடு திரும்பி வந்தார்.